பீங்கான் மூன்று

மூன்று நாளும் என் பெயரை யாரும் கேட்கவில்லை.
"ஹெல்ப்பரு, பதினாலு பதினஞ்சு" என்றால்
அது ஸ்பேனர்.
"ஹெல்ப்பரு, மூணு, ஒண்ணு சக்கரை கம்மி" என்றால்
அது டீ.
முதல் நாள் பன்னிரண்டு பதிமூன்றை நீட்டினேன்.
ஆரோக்கியசாமி வாங்கிப் பார்த்து
வரப்பில் வைத்துவிட்டு
வெறுங்கையை மறுபடி நீட்டினார்.
திட்டியிருக்கலாம்.

பி.காம். என்று சொல்லிக்கொள்ளவில்லை.
மன்னார்குடி ஜவுளிக்கடையில் நாலு வருஷம்
பில் போட்டதையும்.
கடையை மூடிவிட்டார்கள்.
இங்கே நாளுக்கு நானூற்றைம்பது,
மோட்டார் ஓடினால் மேலே ஐம்பது.
"போருக்குள்ள எறங்கணுமாடி?" என்றாள் அம்மா.
ஆறு அங்குலத்துக்குள்
நான் எங்கே இறங்குவது.

நடவுப் பெண்கள் போடுகிற மாதிரி
சுடிதார் மேல் தம்பியின் முழுக்கைச் சட்டை.
அப்படித்தான் எனக்கு ஒரு பை கிடைத்தது.

மேட்டூர் திறந்து எட்டு நாள்.
தண்ணீர் வடபாதிமங்கலத்தை இன்னும் எட்டவில்லை.
குறுவைக்கு விட்ட நாற்றங்கால்
நுனியில் மஞ்சள் தட்டிக் கிடந்தது.
முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி,
இருபதடிக் குழாய்கள் ஒன்பது, ஏற்றினோம்.
கடைசியில் வந்தது
தீய்ந்த காயில் நாற்றத்தோடு மோட்டார்.
மறுநாள் முழுக்கக் கூத்தாநல்லூர்ப் பட்டறை.
மூன்றாம் நாள் இறக்க வந்தோம்.

இத்ரீஸ் கொட்டகைக்குள் போனார்,
மெயினை இறக்கினார்,
மூன்று ஃபியூஸையும் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தார்.
"நாங்க ரெண்டு பேரு கேட்டாத்தான் குடுக்கணும்."
அவ்வளவுதான் சொன்னார்.
பீங்கான். அந்த வெயிலிலும் குளிர்ச்சி.
சட்டைப்பை தொங்கியது.

இருவரும் குழிமேட்டில் குந்தி
சிவப்பை சிவப்போடு
மஞ்சளை மஞ்சளோடு முறுக்கிக்கொண்டிருந்தார்கள்,
ஈரக் கைகள், வெறுங்கால்கள்.
வைத்திலிங்கம் வந்தார்.
"பன்னெண்டுக்கு மும்முனை போயிடும்மா.
அந்தாண்ட கொல்லை மோட்டாரும் இந்தப் பெட்டிதான்.
அரை மணி ஓட்டிக்கிறேன். ஃபியூசு யாருகிட்ட?"
"எங்கிட்ட."
"குடு."
"கேபிள்ல கை வச்சிருக்காங்க."
"அந்த ஸ்விட்ச நான் தொட்டாத்தானே?"

கெட்டவர் இல்லை.
நாற்று காய்வது எனக்கும் தெரிந்தது.
பில் கவுன்ட்டரில் தப்பே செய்யாவிட்டாலும்
"சாரி சார்" என்று முதலில் சொல்லிவிடுவேன்.
அந்த வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது.

"நீ ஹெல்ப்பருதானே?"
"ஆமாம்."
வேறு எதுவும் வாயில் வரவில்லை.
பையின் மேல் கையை வைத்துக்கொண்டு
அந்த ஒரு ஆமாமிலேயே நின்றேன்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு
அவர் வாய்க்கால் பக்கம் போனார்.
குனிந்த தலைகள் நிமிரவில்லை.
"டேப்பு" என்றது ஒரு கை.
கொடுத்தேன்.

இணைப்பு முடிந்தபோது பன்னிரண்டேகால்.
கரண்ட் போயிருந்தது.
இனி ராத்திரி பத்துக்குத்தான் என்றார்கள்.
குழாய்களை இறக்கினோம். எண்ணினேன். ஒன்பது.
பிறகு காத்திருந்தோம்,
கொசுவும் நாங்களும்.
இத்ரீஸ் தூங்கினார்.
நான் அடிக்கொருதரம் பையைத் தொட்டுப் பார்த்தேன்,
பஸ்ஸில் பணம் கொண்டுபோகிறவள் மாதிரி.

பத்து பத்துக்கு மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன்.
முதலில் துரு. பிறகு சேறு.
பிறகு டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர்
வெள்ளையாக விழுந்தது.
வைத்திலிங்கம் மடையைத் திறக்க ஓடினார்.
என் பக்கம் பார்க்கவில்லை.
காலையில் நடந்ததை நான் சொல்லவில்லை.
ஆரோக்கியசாமி சிட்டையில் எழுதினார்:
ஹெல்ப்பர், மூணு நாள், ஆயிரத்து நானூறு.

வீட்டில் துவைக்கும்போதுதான் பார்த்தேன்,
பையின் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது.
தம்பி சட்டையைத் திருப்பிக் கேட்டான்.
இரட்டை நூல் கோத்துத் தைத்தபடியே
இல்லை என்றேன்.
நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாது.
ஆறரைக்கு
லெட்சுமாங்குடிப் பாலத்தில் நிற்க வேண்டும்.